கமோட் ரைசர்: 4 அங்குலமா, 6 அங்குலமா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு வாக்கர் வாங்க யாரும் மறப்பதில்லை. கழிப்பறையின் உயரம்தான் வீட்டுக்கு வந்த பிறகு நினைவுக்கு வருகிறது. பின்பக்கம் திறந்து செய்த அறுவை என்றால், முதல் 6 முதல் 12 வாரம் வரை இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது என்பார்கள். மடங்கினால் புது மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம். நம் வீட்டு வெஸ்டர்ன் கமோட் பெரும்பாலும் 15, 16 அங்குல உயரம்தான். பலருக்கு அது போதாது, உட்கார்ந்தால் இடுப்பு 90 டிகிரியைத் தாண்டிவிடும். அதை ஈடுகட்டத்தான் கமோட் ரைசர், அதாவது கமோட்டின் மேல் பொருத்தி உயரத்தைக் கூட்டும் இருக்கை.

கடைகளில் 2, 4, 6 அங்குலத்தில் கிடைக்கும். அதிக உயரம் அதிகப் பாதுகாப்பு என்று நம்பி 6 அங்குலத்தை எடுத்துவிடாதீர்கள். வீட்டில் போடும் செருப்போடு நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளக்க வேண்டும். இருக்கை அதைவிட 2 அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். மடிப்பு 17 அங்குலம், கமோட் 15.5 என்றால் 4 அங்குல ரைசர் சரி. மடிப்பே 15 அங்குலமுள்ள குள்ளமானவருக்கு 2 போதும். 6 போட்டால் கால் தரையில் படாமல் தொங்கும், தொடை மரத்துப்போகும், உடம்பு முன்னால் சறுக்கும்.

கமோட்டோடு இறுக்கும் கிளாம்ப் இல்லாமல் சும்மா மேலே வைக்கும் வகையை வாங்கவே வேண்டாம். எழும்போது எடை ஒரு பக்கம் சாய்வதால் அது நகர்ந்துவிடும். கிளாம்ப் உள்ளதிலும் பிளாஸ்டிக் திருகு நாளடைவில் தளரும். வாரம் ஒருமுறை இறுக்குங்கள். சதுர வடிவ கமோட்டில் பல மாடல்கள் உட்காராது. கமோட்டின் படத்தையும் அகலத்தையும் கடையில் காட்டிவிட்டு வாங்குங்கள். முன்னும் பின்னும் வெட்டுள்ள இருக்கைதான் நமக்கு ஏற்றது. வெட்டில்லாவிட்டால் கழுவக் கை நுழையாது, குனியவோ திரும்பவோ நேரும். இரண்டுமே ஆபத்து. ஹெல்த் ஃபாசெட் பின்சுவரில் இருந்தால், திரும்பாமல் கைக்கு எட்டும்படி பக்கவாட்டில் மாற்றுங்கள்.

கைப்பிடி உள்ள மாடல் உதவும், ஆனால் ஒரே கைப்பிடியில் முழு எடையையும் போட்டால் ரைசரே சாயும். சுவரில் துளையிட்டுப் பொருத்திய ஸ்டீல் கம்பிதான் நம்பகமானது. டைல்ஸில் ஒட்டும் ரப்பர் கப் கைப்பிடி திடீரென்று கழன்றுவிடும். உட்காரும்போது கமோட் காலில் படும்வரை பின்னால் வந்து, அறுவை செய்த காலை முன்னே நீட்டி, கையை ஊன்றி மெதுவாக இறங்க வேண்டும். எழுவதும் அப்படியே. வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் வாக்கர் கவிழும்.

இந்தியன் டாய்லெட் மட்டும் உள்ள வீட்டுக்கு ரைசர் பயன்படாது. நான்கு காலிலும் ரப்பர் புஷ்ஷும் உயரம் மாற்றும் துளைகளும் உள்ள கமோட் நாற்காலி வாங்குங்கள்.

மேசை வேலை செய்பவர்கள் மருத்துவர் அனுமதியோடு சுமார் 6 வாரத்துக்குப் பின் அலுவலகம் போகத் தொடங்குகிறார்கள். விடுப்பு முடியும் முன்பே யாரையாவது அனுப்பி அங்குள்ள கமோட்டையும் அளக்கச் சொல்லுங்கள். அலுவலகத்துக்குத் தனியாக ஒன்று வாங்கிப் பொருத்துவது நல்லது. பொதுக் கழிப்பறையில் தினமும் கழற்றி மாட்டினால் கிளாம்ப் சரியாக இறுகாது. அங்கே உட்கார்ந்து வேலை செய்யும் இருக்கைக்கும் அதே அளவுதான்: சக்கரமில்லாத, கைப்பிடியுள்ள, மடிப்பைவிட 2 அங்குலம் உயர்ந்த நாற்காலி.