ஆர்எக்ஸ் 100 இன்ஜினைக் கழற்றிக் கொடுக்கும் முன்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வாங்கி இன்ஜின் வேலைக்குக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் பிளாக்கை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரை, போட்டோ எடுத்து வையுங்கள். நான்கு பக்கமும், ஃபின் ஃபின்னாக (சூடு தணிக்கப் பிளாக்கைச் சுற்றி இருக்கும் தகடுகள்தான் ஃபின்). நான் ஏமாந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வந்ததே அப்படி ஒரு போட்டோவால்தான், அதுவும் வேறு எதற்கோ எடுத்தது.

என் வண்டி 1992 மாடல். பவானி பக்கம் ஒரு வாத்தியார் வீட்டில் தார்ப்பாய் போர்த்தி ஒன்பது வருடம் நின்றிருந்தது. இன்ஜின் ஜாம், கிக்கர் இறங்காது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொல்லித்தான் 42,000-க்குக் கொடுத்தார், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆர்சியில் இருக்கும் நம்பரும் சேசிஸில் பஞ்ச் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பென்சில் பிரிண்ட் எடுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். நீங்களும் இதைச் செய்யாமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது, ஆகவே எந்த வண்டிக்கும் முதல் 15 வருடப் பதிவு எப்போதோ முடிந்திருக்கும், அதன் பிறகு ஐந்தைந்து வருடமாக ரெனிவல் செய்திருக்க வேண்டும். "ஆர்சி லைவ்ல இருக்குங்க" என்று வாயால் சொன்னால் போதாது, எந்தத் தேதி வரை என்று நீங்களே ஆன்லைனில் போட்டுப் பாருங்கள்.

சரி, இன்ஜினுக்கு வருகிறேன். வீட்டிலேயே நண்பனும் நானும் ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றினோம். பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் நம்பர் எதுவும் இல்லை, அதாவது ஸ்டாண்டர்டு பிஸ்டன், கம்பெனியிலிருந்து வந்தபிறகு ஒரு தடவைகூட போர் போடாத, அதாவது உள் ஓட்டையைக் கடைந்து பெரிதாக்காத பிளாக். இந்த வண்டியில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இதன் போர், அதாவது அந்த ஓட்டையின் விட்டம், 50 மில்லிமீட்டர், தேய்ந்தால் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டன் போடலாம், 1.00 தாண்டினால் அநேகமாக அந்த பிளாக்கின் கதை முடிந்தது. ஆகவே போர் போடாத ஒரிஜினல் பிளாக் என்றால் இன்னும் நான்கு ஆயுள் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். இன்று அப்படி ஒன்றைத் தேடிப் போனால் கிடைப்பது பெரும் கஷ்டம், கிடைத்தாலும் சொல்வதுதான் விலை. இதெல்லாம் எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். எடுத்துக்கொண்டு போன இடத்தில் இருந்தவருக்கு முழுசாகத் தெரியும்.

கோயம்புத்தூரில் டூ ஸ்ட்ரோக் ரெஸ்டோரேஷன் மட்டுமே செய்கிறோம் என்று சொல்லும் ஒரு பட்டறை. பெயர் போடவில்லை. போனதும் பிளாக்கைக் கையில் வாங்கி விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஸ்டாண்டர்டு போருங்க, அருமையான பிளாக்கு, 25 போட்டாப் போதும், நாப்பத்தஞ்சு நாள்ல வண்டிய ஓட்டீட்டே போலாம்" என்றார். 25 என்றால் 0.25 மில்லிமீட்டர். கான்ராட் கிட், பிஸ்டன், கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் இரு பக்கமும் அடைக்கும் ரப்பர் வளையம்), பேரிங், கேஸ்கட் எல்லாம் சேர்த்து 34,000. பாதிப் பணத்தை அன்றே ஜிபேயில் போட்டேன். பில் கேட்கவில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு அனுப்பினார், "25 பிஸ்டன்" என்று அதில் இருக்கிறது.

நாற்பத்தைந்து நாள் ஏழு மாதம் ஆனது. போனை எடுக்க மாட்டார், எடுத்தால் லேத்தில் இருக்கிறது, ஸ்பேர் வரவில்லை. ஒரு நாள் "உங்க இன்ஜின்தானுங்க" என்று போட்டோ அனுப்பினார், அதிலிருந்த கிளட்ச் கவரில் என் வண்டியில் இல்லாத ஒரு கீறல். அன்றே பஸ் ஏறிப் போய் நின்றிருக்க வேண்டும். போகவில்லை.

வண்டி வந்தபோது கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருந்தது, சத்தமும் நன்றாக இருந்தது, மனசு நிறைந்துவிட்டது. டூ ஸ்ட்ரோக்குக்கான டூ டி ஆயிலைத் தானாக இன்ஜினுக்கு ஊட்டும் ஆயில் பம்பைக் காணோம். "அதை நம்ப முடியாதுங்க, பெட்ரோல்லயே டூ டி கலந்து ஓட்டுங்க" என்றார். கழற்றிய பம்பைக் கேட்டேன், தேடித் தருகிறேன் என்றவர் இன்றுவரை தரவில்லை. பலர் பம்பை எடுத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிட முக்கியமாக, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் சட்டென்று இறங்காமல் மேலேயே நின்றது, கேட்டதற்கு புது இன்ஜின், ஓட ஓட செட் ஆகிவிடும் என்றார். ஆகாது. டூ ஸ்ட்ரோக்கில் இடது பக்கம் மேக்னட் இருக்கும் இடத்து கிராங்க் சீல் போயிருந்தால் அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் அந்தக் காற்றுக்குப் போதாது, ஐடிலிங் ஏறி நிற்கும், பிஸ்டன் சூடாகிக்கொண்டே இருக்கும். வலது பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை தள்ளும், அது கண்ணுக்காவது தெரியும். இடது பக்கத்துக்குப் புகையே கிடையாது.

900 கிலோமீட்டர் ஓடியது. அவிநாசியிலிருந்து பெருந்துறை நோக்கி வரும்போது செங்கப்பள்ளிக்கு அருகே, அறுபதில்தான் போனேன், ஒரு கிரீச் சத்தம், பின் சக்கரம் இழுத்துக்கொண்டு நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனது. இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

ஈரோட்டில் வயதான மெக்கானிக் ஒருவர், ஐயா என்றுதான் கூப்பிடுவேன், என் கண் முன்னால் பிரித்தார். பிஸ்டன் ரிங் ஒன்று உடைந்து எக்ஸாஸ்ட் போர்ட்டில், அதாவது பிளாக்கில் புகை வெளியேறும் துளையில், மாட்டியிருந்தது. போர் போட்டபின் போர்ட் விளிம்புகள் கத்தி மாதிரி ஆகிவிடும், அதைத் தேய்த்து மழுக்காமல் அப்படியே பூட்டினால் மேலும் கீழும் போகும் ரிங் ஒருநாள் அதில் சிக்கத்தான் செய்யும். மழுக்கவே இல்லை. சீல் இரண்டும் பழசு, புதுசுக்கு என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். அப்புறம் ஐயா பிஸ்டன் தலையிலிருந்த கரியைச் சுரண்டித் துடைத்தார். 75 என்று இருந்தது.

நான் கொடுத்தது ஸ்டாண்டர்டு. கணக்கில் எழுதியது 25. வந்தது 75.

அதிகமாகப் போர் போட்டுவிட்டார்கள் போல என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பழைய போட்டோக்களைப் புரட்டியபோது, கார்புரேட்டருக்காக எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில் என் பிளாக் தெரிந்தது. மேலிருந்து மூன்றாவது ஃபின், இடது முன் மூலையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு உடைந்திருக்கிறது. இப்போது என்னிடம் இருக்கும் பிளாக்கில் எல்லா ஃபின்னும் முழுசாக இருக்கிறது. பட்டறைக்காரரிடம் போனில் கேட்டேன். வெல்டு வைத்து பெயின்ட் அடித்தோம் என்றார். ஐயா பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டினார், வெல்டு வைத்த தடமே இல்லை. திரும்ப அழைத்தபோது, "நாலு மாசம் ஓட்டீட்டு வந்து சொன்னா எப்படிங்க" என்று வைத்துவிட்டார்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததுதான் என் பலவீனம், ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் கணக்கும் போட்டோவும் இருக்கின்றன. நீங்கள் கையெழுத்திட்ட பில் வாங்குங்கள், அதில் பிஸ்டன் சைஸை எழுதச் சொல்லுங்கள். பிளாக்கின் அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சென்டர் பஞ்ச் புள்ளி வைத்துக் கொடுங்கள். கழற்றிய பழைய பிஸ்டன், சீல், கான்ராட் எல்லாவற்றையும் திருப்பிக் கேளுங்கள். பூட்டும் நாளில் கூடவே நில்லுங்கள், நிற்க வேண்டாம் என்று சொல்லும் பட்டறையில் கொடுக்காதீர்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் யாராவது உங்களுக்கு ஸ்டாண்டர்டு போர் ஒரிஜினல் பிளாக் என்று ஒன்றைக் காட்டினால், மேலிருந்து மூன்றாவது ஃபின்னின் இடது முன் மூலையைப் பாருங்கள். உடைந்திருந்தால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.