தண்டையார்பேட்டையில் ஒரு திருமண ஆயத்த வகுப்பு: நான்கு சனிக்கிழமைகளுக்குப் பின் எழுதும் மதிப்புரை

என் தம்பிக்கு நிச்சயதார்த்த ஜெபம் முடிந்த மறுவாரமே, கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்பு மணமக்கள் இருவரும் திருமண ஆயத்த வகுப்பை முடித்திருக்க வேண்டும் என்று சபையில் சொல்லிவிட்டார்கள். வகுப்பு தண்டையார்பேட்டையில், மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு சபைக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. சபையின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். நான்கு சனிக்கிழமை மாலைகள், ஒரு ஜோடிக்கு ஐந்நூறு ரூபாய், அதற்குள் ஒரு குறிப்பேடும் தேநீரும் அடக்கம். வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் வரலாம் என்று இருந்ததால், பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு இப்படி எந்த வகுப்பும் இல்லாமல் தாலி கட்டிக்கொண்ட நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

நிச்சயத்துக்குப் பிறகும் திருமணத்துக்குப் பிறகும் உண்மையாயிருப்பது பற்றி வேதாகமம் என்ன சொல்கிறது என்பதுதான் நான்கு வாரங்களுக்கும் பொதுப் பொருள். இந்தத் தலைப்பைக் கேட்டவுடன், தொடாதே, பார்க்காதே, பேசாதே என்ற பட்டியலைத்தான் எதிர்பார்த்தேன். முதல் வாரம் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. பாடம் எடுத்த போதகர் மத்தேயு முதல் அதிகாரத்தைத் திறந்து, மரியாள் யோசேப்புக்கு ‘நியமிக்கப்பட்டிருக்கையில்’ என்ற சொல்லிலேயே அரைமணி நேரம் நின்றார். அவர்கள் இன்னும் கூடிவாழத் தொடங்கவில்லை. ஆனாலும் அடுத்த வசனம் யோசேப்பை அவளுடைய ‘புருஷன்’ என்கிறது, தேவதூதன் மரியாளை ‘உன் மனைவி’ என்கிறான். யூதர்களிடையே நிச்சயம் என்பது சட்டப்படி திருமணத்தின் முதல் பாதி என்பதும், அதை முறிக்கத் தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துப் பத்திரம், வேண்டும் என்பதும், பெண் ஆயத்தப்படப் பன்னிரண்டு மாதங்கள் தரப்பட்டன என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுவதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உபாகமம் 22-ஆம் அதிகாரம் நிச்சயிக்கப்பட்ட பெண்ணைப் பிறன் மனைவியாகவே கருதித் தண்டனை விதிப்பதன் காரணமும் அதனால் விளங்கியது.

அந்தக் கால நிச்சயத்தை நம் நிச்சயதார்த்தத்தின் மேல் அப்படியே ஏற்றிவைக்கக் கூடாது என்று அவரே எச்சரித்ததை நான் பாராட்டுகிறேன். நம்முடையது வாக்கு மட்டுமே; கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்புகூட, நிச்சயத்தைக் காட்டித் திருமணம் செய்தே தீர வேண்டும் என்று யாரும் வழக்காட முடியாது என்கிறது. ஆகவே இந்த மாதங்களில் உண்மையாயிருத்தல் என்பது முதலில் மறைக்காமல் இருப்பது என்றார் அவர்: கடனை, நோயை, முந்தைய காதலை, வேலை போய்விட்டதை. தனக்குத் துரோகம் நடந்துவிட்டது என்று நம்பிய நேரத்திலும் மரியாளை அவமானப்படுத்த மனதில்லாமல் இருந்த யோசேப்பைத்தான் அவர் நிச்சயிக்கப்பட்டவனுக்கு மாதிரியாகக் காட்டினார். என் தம்பி அன்றிரவே தன் பைக் கடனையும், நண்பனுக்காகப் பொறுப்பேற்ற சீட்டுப் பணத்தையும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டான். ஐந்நூறு ரூபாய் அன்றே வசூலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வாரம் சுமார். ராகேலுக்காக யாக்கோபு ஏழு ஆண்டுகள் உழைத்ததைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொன்னார்களே தவிர, ஒப்புக்கொண்ட பெண்ணுக்குப் பதிலாக வேறொருத்தியை அனுப்பிய அவளுடைய தகப்பன் லாபானைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எம்.சி. ரோட்டில் முகூர்த்தப் புடவை எடுத்த பிறகு, இன்னும் ஐந்து சவரன் என்று வாயெடுக்கும் பெற்றோர் நம் தெருக்களில் இல்லையா? பேசி முடித்த சொல்லை மாற்றுவதும் துரோகம்தான். வரதட்சணை ஒரே வாக்கியத்தில் முடிந்துபோனது. சன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் அடித்த ஹாரனில் அந்த ஒரு வாக்கியமும் பாதி கேட்கவில்லை.

மூன்றாம் வாரத்தை ஒரு வயதான தம்பதியர் எடுத்தார்கள்; அவர் துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், அந்த அம்மா அதற்கு முந்தைய சில ஆண்டுகள் அவர் வெளிநாட்டில் இருந்தபோது பிள்ளைகளோடு தனியாக இருந்தவர். ‘இருவரும் சிலகாலம் பிரிந்திருக்கவேண்டுமென்று சம்மதித்தாலன்றி’ என்ற 1 கொரிந்தியர் 7:5-ஐ எடுத்துக்கொண்டு, வளைகுடாவுக்கோ கப்பலுக்கோ போகும் முடிவை ஒருவர் மட்டும் எடுத்துவிட்டு வீட்டில் வந்து அறிவிப்பதே உடன்படிக்கையை மீறுவதுதான் என்று அவர் தன் பிழையையே எடுத்துச் சொன்னார். புதிதாய் மணம்புரிந்தவனை ஓர் ஆண்டு யுத்தத்துக்கு அனுப்பாமல் வீட்டில் விட வேண்டும் என்ற உபாகமம் 24:5-ஐ அந்த அம்மா வாசித்தபோது அறை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் எங்கள் முதல் ஆண்டில் பதினொரு மாதங்கள் ஓமானில் இருந்தார்.

நான்காம் வாரத்தில்தான் எனக்குக் கடும் வருத்தம். வேறொரு பேச்சாளர் வந்து, மனைவி எப்படி உடுத்த வேண்டும், அலுவலகத்தில் யாரிடம் எவ்வளவு பேச வேண்டும், இருவரும் போன் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அடுக்கினார். ஒருவர் போனை மற்றவர் காவல் காப்பதை உண்மை என்று சொல்வது எனக்கு ஏற்பில்லை. கன்னிகையை இச்சையோடு நோக்கேன் என்று யோபு உடன்படிக்கை பண்ணிக்கொண்டது தன் கண்களோடு, மனைவியின் கண்களோடு அல்ல. அதன் உச்சமாக, 1 கொரிந்தியர் 7:4-இல் பவுல் எழுதிய ‘மனைவியானவள் தன் சுயசரீரத்துக்கு அதிகாரியல்ல, புருஷனே அதற்கு அதிகாரி’ என்று வாசித்து அங்கேயே நிறுத்தினார். தம்பிக்குப் பார்த்திருக்கும் பெண் ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், அதிகம் பேசாதவள். அவள் எழுந்து, ‘‘அய்யா, வசனம் இன்னும் முடியலையே’’ என்று சொல்லி, ‘அப்படியே புருஷனும் தன் சுயசரீரத்துக்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி’ என்ற மீதியை வாசித்தாள். அவர், ‘‘அதுவும் உண்டும்மா’’ என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அதுவும் உண்டு என்று கடந்துபோகக்கூடிய விஷயமா அது? ‘உன் உடன்படிக்கையின் மனைவியுமாகிய அவளுக்கு நீ துரோகம்பண்ணினாயே’ என்று மல்கியா தீர்க்கதரிசி குற்றம்சாட்டுவது ஆண்களை. தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்து அவன் வீட்டைக் கெடுத்தவன் தாவீது ராஜா. கண்ணால் செய்யும் விபசாரத்தைப் பற்றி மலைப்பிரசங்கம் எச்சரிப்பதும் ஸ்திரீயைப் பார்க்கிறவனைத்தான். அதே மாலையில் அரைமணி நேரம் சட்டம் பற்றிப் பேச வந்த வழக்கறிஞர் அம்மா, 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் கிறிஸ்தவக் கணவன் மனைவியின் விபசாரத்தை மட்டும் காட்டினால் போதும் என்றும், மனைவியோ அதோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டியிருந்தது என்றும், 2001-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இருவரையும் சமமாக்கியது என்றும் விளக்கினார். பவுல் ஒரே வசனத்தில் சமமாக எழுதியிருந்ததைச் சட்டம் எட்டிப்பிடிக்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது. முந்தைய பேச்சாளர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்.

வீடு திரும்பும்போது அந்தப் பெண், தங்கள் பூசையில் மணமக்கள் இருவரும் ‘பிரமாணிக்கமாயிருந்து’, அதாவது உண்மையாயிருந்து, என்று ஒரே சொல்லால் ஒருவருக்கொருவர் வாக்களிப்பார்கள் என்றாள். நல்ல சொல். நாங்கள் போன வகுப்பில் அது ஒருமுறைகூடக் காதில் விழவில்லை.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு: முதல் வாரத்தையும் மூன்றாம் வாரத்தையும் எதற்காகவும் விடாதீர்கள். மாடியில் மின்விசிறிகள் இரண்டே இரண்டு என்பதால் நாலரை மணிக்கே போய் இடம் பிடியுங்கள். வேதாகமத்தைக் கையோடு எடுத்துப்போவது அவசியம். அந்த ஏழாம் அதிகார வசனம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலும் பாதியாகத்தான் அச்சாகியிருக்கிறது.