‘லாராவெலுக்கு மாத்தித் தாறம்’ என்று வருபவர்களிடம் கவனம்

களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கம் ஆலை, கடை, டியூட்டரி என்று ஏதாவது நடத்துபவர்கள், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் பிஎச்பியில் (வெப் சிஸ்டம் எழுதும் ஒரு கணினி மொழி) எழுதிய சிஸ்டம் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் இதை வாசியுங்கள். மட்டக்களப்பு டவுனில் உள்ள ஒரு கொம்பனி எங்கள் அரிசி ஆலைக்குச் செய்த வேலை இது. பிணக்கு மத்தியஸ்த சபையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து நெல் தருபவர்களின் கணக்கு, விதைப்புக்குக் கொடுத்த முற்பணம், வெட்டு முடிந்து கழித்த தொகை எல்லாம் அந்தச் சிஸ்டத்துக்குள்தான். அது ஓடியது பிஎச்பி 5.6இல். அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2018 டிசம்பரோடு நின்றது. ஹோஸ்டிங்காரர் இனி 8 மட்டும்தான் என்று சொன்ன பிறகு மாற்றாமல் வழியில்லை. எங்கள் கோட் முழுக்க, டேட்டாபேஸோடு பேசும் பழைய ‘மைஎஸ்கியூஎல் குவெரி’ வகை ஃபங்ஷன்கள். 2015 கடைசியில் பிஎச்பி 7 வந்தபோதே அவற்றை எடுத்துவிட்டார்கள். அப்படியே தூக்கி வைத்தால் லொகின் பக்கத்திலேயே விழுந்துவிடும்.

"முழுசா லாராவெல்ல திருப்பி எழுதித் தாறம் அண்ணன். பாமினியில கிடக்கிற பெயரெல்லாம் யூனிகோட் ஆக்கித் தாறம்" என்றார்கள். லாராவெல் என்பது பிஎச்பியில் ஒழுங்காக எழுதுவதற்கான ஆயத்தச் சட்டகம்; பாமினி பழைய தமிழ் எழுத்துரு. ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நாலு லட்சம் பேசி, பாதியை முதலிலேயே வாங்கினார்கள். டெமோ காட்டிய அன்று இன்னும் ஒரு லட்சம். டெமோவில் நாங்கள் பார்த்தது அழகான லொகின் பக்கம், வண்ண வண்ண வரைபடம் போட்ட டாஷ்போர்ட். போனிலும் நன்றாகத் திறந்தது.

ஒலுவிலில் படித்த என் மருமகன் லீவில் வந்தபோது உள்ளே திறந்து பார்த்தான். எந்த முகவரிக்கு எந்தக் கோட் ஓட வேண்டும் என்று சொல்லும் ரவுட் கோப்பில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு வரி. எந்த முகவரி கேட்டாலும், ‘ஓல்ட்’ என்ற ஃபோல்டருக்குள் அந்தப் பெயரில் இருக்கும் கோப்பை எடுத்து ஓட்டு என்பதுதான் அது. டேட்டாபேஸைக் கையாள லாராவெலில் எழுத வேண்டிய மொடல் இல்லை, மைக்ரேஷன் இல்லை. லாராவெலில் பக்கங்களை எழுதும் ‘பிளேட்’ முறையில் எழுதியது லொகினும் டாஷ்போர்ட்டும் மட்டும். மற்றதெல்லாம் எங்கள் பழைய கோட், எழுத்துப்பிழை உட்பட. எடுபட்டுப்போன மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களின் பெயரிலேயே தாங்கள் புதிதாக ஃபங்ஷன் எழுதி, அதற்குள் அவற்றுக்குப் பதிலாக வந்த மைஎஸ்கியூஎல்ஐயைக் கூப்பிட்டிருந்தார்கள். அவசரத்துக்கு ஒரு வாரம் ஓட்ட யாரும் செய்கிற வேலைதான், அதற்கு மூன்று லட்சமா என்று கேட்டான். பழைய அரிசியைப் புதுச் சாக்கில் கட்டி எங்களுக்கே விற்றிருக்கிறார்கள்.

அந்தச் சாக்கும் புதிதில்லை. அவர்கள் போட்டது லாராவெல் 8. அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் 2023 ஜனவரியோடு முடிந்தது; எங்களுக்கு வேலை ஒப்படைத்தது போன வருடம். பாஸ்வேர்ட் எல்லாம் இன்னும் இலகுவில் உடைக்கக்கூடிய பழைய எம்டி5 முறையில். அதை விடப் பலமான பிகிரிப்டை லாராவெல் கையில் கொடுத்தும் தொடவில்லை. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் ஈஎன்வி கோப்பை வெளியில் இருந்து யாரும் பிரௌசரில் திறக்கலாம். பப்ளிக் ஃபோல்டரை மட்டும் வெளியே காட்ட வேண்டியவர்கள் முழு புரொஜெக்டையும் அப்படியே கொட்டியிருந்தார்கள்.

இதையெல்லாம் விட எங்களைக் கவிழ்த்தது பாமினி. எங்கள் டேட்டாவில் பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டியவை. அதாவது உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு போட்டால் தமிழாகத் தெரியும். அதை மாற்ற இலவசக் கன்வெர்ட்டர்கள் கனக்க இருக்கின்றன. பெயர்கள் நன்றாகத்தான் மாறின, அதை மறைக்கவில்லை. ஆனால் எந்தக் கொலம் தமிழ், எந்தக் கொலம் ஆங்கிலம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அதற்குள் விட்டிருக்கிறார்கள். பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு ‘வீ’யும். பாமினியில் பெரிய ‘வீ’ தட்டினால் ‘ஏ’. ஆகவே வயதான வேளாண்மைக்காரர் எல்லாருடைய இலக்கமும் ‘ஏ’யில் முடிந்தது.

மாரி வெட்டு தொடங்கியதும் தராசடியில் இருந்த பிள்ளை வழக்கம்போல ‘வீ’ போட்டுத் தேடினாள். ஆள் இல்லை என்றது சிஸ்டம். புதுக் கணக்குத் திறந்தாள். வெல்லாவெளிப் போடியார் (பெரிய வயல்காரர்) ஒருவரின் முற்பணம் ஒரு கணக்கில், அவர் இறக்கிய நெல் இன்னொரு கணக்கில். நெல்லுக்கு முழுக் காசும் கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு முற்பணம் பாக்கி என்று அவருக்கே கோல் எடுத்தோம். மனுசன் பட்டிருப்புப் பாலம் தாண்டி நேரே ஆலைக்கு வந்து, "நான் எப்ப தம்பி உங்களுக்குக் கடன் வச்சன்?" என்று கேட்டார். முப்பது வருடப் பழக்கம்.

கொம்பனியிடம் கேட்டால், "அது உங்கட டேட்டா பிழை அண்ணன்." திருத்த எழுபத்தையாயிரம் தனியாக வேண்டுமாம்.

இப்படி ஒரு வேலைக்குக் காசு கொடுக்கப் போகிறவர்கள் டெமோவைப் பார்த்து மயங்க வேண்டாம். பாவித்த மென்பொருள்களைப் பட்டியல் போடும் கம்போசர் கோப்பில் லாராவெல் எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்கும், அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தம் இரண்டு வருடம்தான். லொகினை விட்டுவிட்டு, நீங்கள் தினமும் பாவிக்கும் பில் பக்கம் எந்தக் கன்ட்ரோலரில் (பக்கத்தின் வேலையைச் செய்யும் லாராவெல் கோப்பு) இருக்கிறது என்று கேளுங்கள். கோடையும் அதில் செய்த மாற்றங்களையும் சேமித்து வைக்கும் கிட் கணக்கு முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்கட்டும். தெரிந்த நாலு பேரின் கணக்கை எடுத்து, பழையதிலும் புதியதிலும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மீதியைக் கொடுக்காதீர்கள்.

பழைய டேட்டாபேஸின் டம்ப் (முழுப் பிரதி) எங்களிடம் இருந்ததால் அடையாள இலக்கங்களை மருமகன் மீட்டுவிட்டான். இரட்டைக் கணக்குகளைத் துண்டுச் சீட்டுகளோடு ஒப்பிட்டுக் கையால் சேர்க்கிறோம், இன்னும் முடியவில்லை. மீதி ஒரு லட்சம் கேட்டு அந்தக் கொம்பனி இன்னும் கோல் எடுக்கிறது. இதே மாதிரி ‘ஓல்ட்’ ஃபோல்டரோடு வேலை வாங்கியவர்கள் வேறு யாரும் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், சபையில் ஒன்றாகவே பேசலாம்.