ராக்கெட்டுக்கா, எரிபொருளுக்கா? அமெரிக்க பட்ஜெட்டின் இரு செலவுகள்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ஒரு வாதமும் கூடவே கிளம்பும்: விண்வெளியில் கொட்டும் பணத்தை எரிசக்தித் தற்சார்புக்குத் திருப்பினால் என்ன? தேர்தல் மேடையில் இதற்குக் கைதட்டல் நிச்சயம். பட்ஜெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால், இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பதே முதல் பிழை என்று தெரியும். ஒன்றில் அரசு ஒரு பொருளை வாங்குகிறது. மற்றொன்றில் கோடிக்கணக்கானவர்கள் எதை வாங்குவது என்பதை மாற்றப் பார்க்கிறது.

முதலில் அளவு. 2024 நிதியாண்டில் நாசாவுக்கு ஒதுக்கியது சுமார் 2,490 கோடி டாலர். மத்திய அரசின் மொத்தச் செலவில் இது 0.4 சதவீதத்துக்கும் குறைவு. அப்பல்லோ உச்சத்தில் இருந்த 1966-ல் இதே பங்கு 4.4 சதவீதம். இன்னொரு பக்கம், அந்நாடு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் எண்ணெய் எரிக்கிறது. பீப்பாய்க்கு 70 டாலர் என்று வைத்தால் ஒரு நாள் செலவு 140 கோடி டாலர். நாசாவை முழுசாக மூடினாலும் மிஞ்சுவது பதினெட்டு நாள் எண்ணெய்க்கான காசு. அதை எரித்துத் தீர்க்காமல் முதலீடாகப் போட்டால் பலன் கூடும்தான். ஆனாலும் எது பெரியது, எது சிறியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

எரிசக்தித் துறையின் தொகையைப் பார்க்கும்போது பலரும் ஒரு குழியில் விழுகிறார்கள். அதே ஆண்டில் அத்துறைக்கு சுமார் 5,000 கோடி டாலர். நாசாவைப் போல இரண்டு மடங்கு என்று உடனே எழுதிவிடுவார்கள். அதில் ஏறத்தாழ பாதி அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் பிரிவுக்குப் போகிறது. பழைய ஆயுதத் தொழிற்சாலைகள் விட்டுச்சென்ற கதிரியக்கக் கழிவைச் சுத்தம் செய்ய இன்னும் சுமார் 850 கோடி. அடிப்படை அறிவியல் ஆய்வகங்களுக்கு சுமார் 820 கோடி. எரிசக்திச் சிக்கனம், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இரண்டையும் கவனிக்கும் அலுவலகத்துக்கு மிஞ்சியது சுமார் 350 கோடி. தற்சார்புக்கான உண்மையான பணம் துறையின் ஒதுக்கீட்டில் அதிகம் இல்லை. அது வரிச்சலுகையாகவும் கடன் உத்தரவாதமாகவும் வேறு ஏடுகளில் ஒளிந்திருக்கிறது. 2022-ன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் தூய எரிசக்திக்குக் கொடுத்த சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்கு உச்சவரம்பே வைக்கப்படவில்லை. எத்தனை பேர் தகுதி பெற்றுக் கேட்டார்களோ அத்தனை செலவு. நாசாவின் தொகை ஆண்டுதோறும் வாக்கெடுப்பில் முடிவாவது. இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் அருகருகே போடும் எவரும் கணக்கை முடிக்கவில்லை என்று பொருள்.

ஒரே பையா, இரண்டு பையா?

"இங்கே வெட்டி அங்கே போடு" என்பது நடைமுறையில் நடக்குமா? அமெரிக்க நாடாளுமன்றம் விருப்ப ஒதுக்கீட்டை, அதாவது ஆண்டுதோறும் வாக்கெடுத்து முடிவு செய்யும் செலவை, பன்னிரண்டு மசோதாக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு துணைக்குழுவிடம் கொடுக்கிறது. 302(பி) என்று அழைக்கப்படும் பகிர்வு, ஒவ்வொரு துணைக்குழுவுக்கும் ஒரு மொத்தத் தொகையை முன்பே வரையறுத்துவிடும். நாசா இருப்பது வணிகம், நீதி, அறிவியல் துணைக்குழுவில். அங்கே அதன் போட்டியாளர்கள் எஃப்பிஐ, சிறைத்துறை, வானிலை ஆய்வை நடத்தும் நோவா, தேசிய அறிவியல் அறக்கட்டளை. எரிசக்தித் துறை இருப்பது எரிசக்தி, நீர் துணைக்குழுவில். அங்கே அதனோடு மல்லுக்கட்டுவது அணை, துறைமுக வேலைகளைச் செய்யும் ராணுவப் பொறியாளர் படை. துறைக்கு உள்ளேயே இன்னொரு போட்டியாளர், அணு ஆயுதம்.

ஆகவே நாசாவில் 100 கோடி வெட்டினால் அது முதலில் சேரும் இடம் எஃப்பிஐ அல்லது நோவாவின் பக்கம். எரிசக்திக்குப் போக வேண்டுமானால் ஒதுக்கீட்டுக் குழுவின் தலைமை 302(பி) பகிர்வையே திருத்த வேண்டும். முடியாத காரியமில்லை, ஆனால் தானாக நடக்காது. 2005 வரை நாசா இருந்தது முன்னாள் படைவீரர் நலன், வீட்டுவசதி ஆகியவற்றோடு ஒரே துணைக்குழுவில். "ராக்கெட்டா, ஏழைக்கு வீடா" என்ற சண்டைக்கு அன்று நிஜமான அடித்தளம் இருந்தது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முந்தைய நாள், கறுப்பின மக்களின் சிவில் உரிமைத் தலைவர் ரால்ஃப் அபர்நதி ஏழைக் குடும்பங்களோடு ஏவுதளத்துக்கு வந்து எழுப்பிய கேள்வி நேர்மையானது. அதன் பிறகு நிலவுப் பயணங்களைக் குறைத்தார்கள். 1970-ல் கடைசி மூன்று பயணங்கள் கைவிடப்பட்டன. மிச்சமான பணம் அந்தக் குடும்பங்களின் பெயரில் தனியாக எடுத்து வைக்கப்படவில்லை.

அப்பல்லோவும் 'தற்சார்புத் திட்டமும்'

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சுமார் 3 டாலராக இருந்த பீப்பாய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. நவம்பர் 7 அன்று அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, அப்பல்லோவையும் அணுகுண்டுத் திட்டத்தையும் முன்மாதிரியாகக் காட்டி, பத்தாண்டு முடிவதற்குள் வெளிநாட்டு எரிசக்தியை நம்பியிராத நிலையை அடைவோம் என்றார். அன்று எண்ணெய்த் தேவையில் இறக்குமதியின் பங்கு சுமார் 35 சதவீதம். 1977-ல் அது 47 சதவீதத்தைத் தொட்டது. 2005-ல் 60 சதவீதம்.

அப்பல்லோ எட்டாண்டில் இலக்கை எட்டியது. எரிசக்தித் தற்சார்பு ஏன் தலைகீழாகப் போனது? அப்பல்லோவுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர், அரசு. ராக்கெட் மலிவாக இருக்க வேண்டியதில்லை, வேலை செய்தால் போதும். சந்தையில் அதற்குப் போட்டியாக இன்னொரு நிலவுப் பயணம் விற்பனைக்கு வரப்போவதில்லை. சுமார் 2,500 கோடி டாலரும், உச்சக்கட்டத்தில் 4 லட்சம் பேரின் உழைப்பும் ஒரே புள்ளியில் குவிந்தன. எரிபொருளோ நாளும் விலை போட்டியில் நிற்கும் பண்டம். அரசு ஆயிரம் கோடி கொட்டி ஒரு மாற்று எரிபொருளை உருவாக்கினாலும், சவூதியில் குழாயைத் திறந்துவிட்டால் அது விலைபோகாது.

இது வெறும் ஊகமில்லை. 1980-ல் செயற்கை எரிபொருள் நிறுவனம் என்ற அரசு அமைப்பை உருவாக்கி, மொத்தம் 8,800 கோடி டாலர் வரை தர வழிவகுத்தார்கள். நிலக்கரியிலிருந்தும் எண்ணெய்ப் பாறையிலிருந்தும் 1987-க்குள் தினம் 5 லட்சம் பீப்பாய்க்கு ஈடான எரிபொருள் என்பது இலக்கு. கணக்குப் போட்டவர்கள் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பினார்கள். 1986-ல் பீப்பாய் 15 டாலருக்கும் கீழே விழுந்தது. அதே ஆண்டில் நிறுவனத்தை இழுத்து மூடினார்கள். வடக்கு டகோடாவில் எரிசக்தித் துறையின் கடன் உத்தரவாதத்தோடு எழுந்த கிரேட் பிளெய்ன்ஸ் நிலக்கரி வாயு ஆலை, 1984-ல் ஓடத் தொடங்கி, மறு ஆண்டே கடன் கட்ட முடியாமல் அரசின் கைக்கு வந்தது. பொறியியலில் அந்த ஆலை தோற்கவில்லை, இன்றும் ஓடுகிறது. தோற்றது விலைக் கணிப்பு.

அதே காலத்தில் செலவே இல்லாத ஒரு சட்டம் அதிகம் சாதித்தது. 1975-ல் வந்த வாகன எரிபொருள் சிக்கன விதி, புதிய கார்களின் சராசரியை 1985-க்குள் கேலனுக்கு 27.5 மைலாக உயர்த்தச் சொன்னது. அன்றைய நிலையைப் போல அது ஏறத்தாழ இரு மடங்கு. இந்த விதியும், விலையேற்றமும், மின்நிலையங்கள் எண்ணெயைக் கைவிட்டதும் சேர்ந்து, 1978-ல் தினம் 188 லட்சம் பீப்பாயாக இருந்த பயன்பாட்டை 1983-ல் 152 லட்சமாக இறக்கின. கருவூலத்திலிருந்து போன தொகையை வைத்து மட்டும் எரிசக்திக் கொள்கையை அளக்கிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

பணம் எங்கே ஒழுகுகிறது?

இரு பக்கமும் ஒழுகுகிறது. காரணங்கள்தான் வேறு.

விண்வெளியில் பெரிய ஓட்டை ஒப்பந்த முறை. ஆன செலவையும் அதன்மேல் லாபத்தையும் தரும் ஒப்பந்தத்தில், தாமதம் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம் தராது. 2010 சட்டப்படி 2016 முடிவதற்குள் தயாராக வேண்டிய எஸ்எல்எஸ் என்ற நிலவுப் பயண ராக்கெட், 2022 நவம்பர் 16 அன்றுதான் முதல்முறை பறந்தது. முதல் நான்கு பயணங்களுக்குத் தலா 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கையாளரே கணக்கிட்டார். பழைய ஸ்பேஸ் ஷட்டில் விண்கலங்களின் எஞ்சின்களையே எடுத்துப் பொருத்தி, ஒவ்வொரு பறப்பிலும் கடலில் போடுகிறார்கள். தொழிற்சாலைகள் பல மாநிலங்களில் பரவியிருப்பதால் செனட்டர்கள் அதை விடமாட்டார்கள். இதற்கு நேரெதிராக, 2014-ல் வீரர்களை ஏற்றிச்செல்ல நிலையான விலையில் இரண்டு ஒப்பந்தங்கள் போட்டார்கள்: ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி, போயிங்குக்கு 420 கோடி. முதலாவது 2020 மே மாதம் வீரர்களோடு பறந்தது. இரண்டாவது தாமதமானது, ஆனால் கூடுதல் செலவின் பெரும்பகுதியை நிறுவனமே சுமந்தது. விண்வெளிச் செலவைக் குறைக்க விரும்பும் எவரும் முதலில் கை வைக்க வேண்டிய இடம் ஒப்பந்த வகை.

எரிசக்தியில் ஓட்டை வேறு இடத்தில்: ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்டுவது. ஜார்ஜியாவின் வோக்டில் அணுமின் நிலையத்தின் 3, 4-ஆம் உலைகள் சுமார் 1,400 கோடி டாலரில் முடியும் என்று தொடங்கி, 3,000 கோடியைத் தாண்டி, ஏழாண்டு தாமதமாக 2023, 2024-ல் மின்சாரம் தந்தன. வடிவமைப்பு முழுமையாக முடியாமலே கட்டத் தொடங்கியது, முப்பது ஆண்டாகப் புது உலை கட்டாததால் பழகிய கைகள் இல்லாதது, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்த பாகங்களைத் தளத்தில் மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது என்று காரணங்கள் பல. பக்கத்து மாநிலமான தெற்கு கரோலைனாவில் அதே வகை உலைகளை சுமார் 900 கோடி செலவழித்த பின் 2017-ல் பாதியிலேயே கைவிட்டார்கள். அந்தச் சுமையில் பெரும்பங்கு மின்கட்டணம் வழியே நுகர்வோர் தலையில் விழுந்தது.

இரண்டும் சந்தித்த இடம்

1970-களில் எரிசக்தி ஆராய்ச்சியின் இரண்டு வேலைகளை நாசாவிடமே கொடுத்தார்கள். அவற்றை ஒப்பிட்டால் இந்த விவாதத்தின் பாதி தெளிவாகிவிடும்.

முதலாவது காற்றாலை. நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் விமானப் பொறியியலை அடித்தளமாக வைத்து, எடுத்த எடுப்பில் பெரிய இயந்திரங்களுக்குப் போனது. வடக்கு கரோலைனாவின் பூன் நகரில் 1979-ல் நிறுவிய 2 மெகாவாட் இயந்திரத்தில் இறக்கைகள் கோபுரத்துக்குப் பின்னால் சுழன்றன. கோபுரம் தடுத்த காற்றுநிழலை ஒவ்வோர் இறக்கையும் கடக்கும்போது ஆழ்ந்த அதிர்வொலி எழுந்து அக்கம்பக்கத்து வீடுகளைத் தொந்தரவு செய்தது. வாஷிங்டன் மாநிலத்தில் வைத்தவை 91 மீட்டர் விட்டம், 2.5 மெகாவாட். ஒவ்வொரு வகையிலும் சில இயந்திரங்களே இருந்ததால், ஒரு பழுதில் கற்றது அடுத்த நூறு இயந்திரங்களுக்குப் போய்ச்சேரவில்லை. சந்தையைப் பிடித்தவர்கள், 55 கிலோவாட் அளவிலான கனமான இயந்திரங்களை நூற்றுக்கணக்கில் விற்று, உடைந்ததைப் பார்த்துப் பார்த்துத் திருத்திய டென்மார்க்காரர்கள்.

இரண்டாவது சூரிய மின்தகடு. கலிஃபோர்னியாவில் நாசாவின் ஜேபிஎல் மையம் 1975 முதல் 1986 வரை நடத்திய திட்டம், தகடுகளைத் தானே செய்யவில்லை. பல நிறுவனங்களிடமிருந்து தொகுதி தொகுதியாக ஐந்து சுற்றுகள் வாங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் சோதனையைக் கடுமையாக்கியது: மைனஸ் 40 டிகிரிக்கும் சுமார் 90 டிகிரிக்கும் இடையே மாறி மாறிச் சூடும் குளிரும், ஈரப்பதம், ஆலங்கட்டி. கண்ணாடியும் சிலிக்கனும் உலோகமும் வெவ்வேறு அளவில் விரிவதால் செல்களை இணைக்கும் பட்டைகள் களைத்து அறுந்தன. நிழல் விழுந்த செல் சூடேறிக் கருகியது. தகடுகளின் அடுக்குகள் பிரிந்தன. இணைப்புப் பட்டைக்கு வளைவு கொடுப்பது, நிழல் விழுந்த செல்லைத் தவிர்த்து மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டையோடு வைப்பது, இவிஏ என்ற பிளாஸ்டிக் பசையால் செல்களைப் பொதிவது போன்ற தீர்வுகள் இப்படித்தான் தேறின. வாட்டுக்கு 50 சென்ட் என்ற விலை இலக்கை அத்திட்டம் எட்டவில்லை. ஆனால் உலகமெங்கும் தகடுகள் இன்று கடக்க வேண்டிய தகுதிச் சோதனைக்கு வேர் அங்கேதான்.

ஒரே நிறுவனம், ஒரே காலம், இரு வேறு முடிவு. சிறிய அலகு, பல சுற்றுக் கொள்முதல், பல உற்பத்தியாளர்கள் என்று போன வழி பலித்தது. ஒரே தாவலில் பிரம்மாண்டத்தை எட்டப் பார்த்த வழி பலிக்கவில்லை. எரிசக்திக்கு 100 கோடி கூடுதலாகக் கிடைத்தால் எப்படிச் செலவிடுவது என்று கேட்டால், என் விடை முதல் வழிதான்.

தற்சார்பு வந்தாலும் விலை?

2020-ல் அமெரிக்கா இறக்குமதி செய்ததைவிட அதிகமாக எண்ணெயும் எண்ணெய்ப் பொருள்களும் ஏற்றுமதி செய்தது. நிக்சன் கேட்டது நாற்பது ஆண்டு தாமதமாக வந்துவிட்டது. ஆனாலும் 2022 ஜூனில் பெட்ரோல் கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. கச்சா எண்ணெய்க்கு உலகச் சந்தையில் ஒரே விலை என்பதால், சொந்தக் கிணறு இருப்பது பம்ப் விலையைக் காக்காது. இன்னொரு சிக்கல்: பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் ஷேல் கிணறுகள் தருவது இலகு எண்ணெய், வளைகுடாக் கரையின் பல சுத்திகரிப்பு ஆலைகள் கட்டப்பட்டதோ கனமான எண்ணெய்க்கு. அதனால் நாளொன்றுக்குப் பல லட்சம் பீப்பாய் இறக்குமதி தொடர்கிறது. அதிர்ச்சியைத் தாங்க உதவியது லூயிசியானா, டெக்சாஸ் உப்புக்குகைகளில் சேமித்த அவசரக் கையிருப்பு. அந்த ஆண்டில் அதிலிருந்து 18 கோடி பீப்பாயைச் சந்தைக்கு விட்டார்கள்.

வேட்பாளர் ஒருவர் "நாசாவிலிருந்து எடுத்து எரிசக்திக்குத் தருவேன்" என்றால் கேட்க வேண்டியவை இவை. எந்தத் துணைக்குழுவின் 302(பி) தொகையைக் கூட்டுவீர்கள்? நேரடி ஒதுக்கீடா, வரிச்சலுகையா, கடன் உத்தரவாதமா? எண்ணெய் பீப்பாய் 40 டாலருக்கு இறங்கினால் உங்கள் திட்டம் நிற்குமா? நாசாவில் வெட்டப்போவது எஸ்எல்எஸ்ஸையா, காற்று, வெயில் முன்கணிப்புக்கு உதவும் புவி நோக்குச் செயற்கைக்கோள்களையா?

கடைசிக் கேள்வி கற்பனையில்லை. 2026 நிதியாண்டுக்கு வெள்ளை மாளிகை அனுப்பிய முன்மொழிவு, நாசாவை சுமார் 1,880 கோடி டாலராகக் குறைக்கச் சொன்னது, கிட்டத்தட்ட கால்வாசி வெட்டு. அதில் அறிவியல் பிரிவு ஏறத்தாழ பாதியாகிவிடும். அதே முன்மொழிவு, சிக்கனத்தையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலையும் கவனிக்கும் அந்த 350 கோடி அலுவலகத்திலிருந்தும் 250 கோடிக்கு மேல் எடுக்கச் சொன்னது. இரண்டு வெட்டுகளும் ஒரே ஆவணத்தில் இருந்தன.