அன்னபூர்ணா சர்க்யூட் போகிறவர்களுக்கு: 9 நாளுக்குக் காசு வாங்கி 6 நாளில் மலையேற்றும் ஏஜென்சிகள்

காத்மாண்டு தமேலில் கடை போட்டிருக்கும் ஒரு ட்ரெக்கிங் ஏஜென்சி, 9 நாள் அன்னபூர்ணா சர்க்யூட் (நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி நடக்கும் பாதை) என்று சொல்லி என்னிடம் 42,500 இந்திய ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டது. கையில் கொடுத்த அட்டவணை ஒன்று, கைடிடம் கொடுத்து அனுப்பிய அட்டவணை வேறொன்று. அந்தப் பாதையின் உச்சியான தோரோங் லா கணவாயைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கொடுத்ததில் ஒரு பைசா திரும்பவில்லை. கடைப் பெயரைப் போடப்போவதில்லை. அந்தத் தெருவில் இதே வேலையைப் பத்துக் கடை செய்கிறது, ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு பக்கத்துக் கடையில் போய் மாட்டிக்கொள்வதில் பயனில்லை. எப்படிச் செய்கிறார்கள் என்பதையும், தனியாகப் போகிறவர்கள் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதையும் முழுசாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 42,500 இந்திய ரூபாய் என்றால் 68,000 நேபாள ரூபாய் (எப்போதும் ஒன்றுக்கு 1.6, அதில் மாற்றமில்லை). கடைக்காரர் நேபாள ரூபாயில் எழுதிக் காட்டிய பிரிவு இது: கைடுக்கு நாளைக்கு 3,500 வீதம் 9 நாளுக்கு 31,500. பெர்மிட் 5,000. பஸ், ஜீப் 10,500. தங்கலும் சாப்பாடும் 21,000. பார்த்தால் எல்லாம் நியாயமாகத்தான் இருக்கும். அதில்தான் விஷயமே.

பெர்மிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய ‘ஏகாப்’ என்கிற பெர்மிட் வேண்டும், கூடவே டிம்ஸ் என்கிற மலையேறுவோர் பதிவு அட்டை வேண்டும். மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 + 2,000. சார்க் நாட்டவருக்கு, அதாவது இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, 1,000 + 1,000 மட்டும்தான். ஐந்தாயிரம் வாங்கிக்கொண்டு இரண்டாயிரம் கட்டியிருக்கிறார்கள். பெர்மிட்டிலேயே தொகை அச்சாகி இருக்கும். ஆனால் அது கைடு பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதால் தாராபானி சோதனைச் சாவடியில் நீட்டும்போதுதான் கண்ணில் படும். அதற்குள் நீங்கள் மலையில் இருப்பீர்கள்.

இதுகூடச் சில்லறைத் திருட்டு. பெரிய திருட்டு நாட்களில் இருக்கிறது.

கையில் கொடுத்த 9 நாள் அட்டவணை உண்மையிலேயே நல்ல அட்டவணை. காத்மாண்டுவிலிருந்து பெசிசஹர் (760 மீட்டர்), மறுநாள் ஜீப்பில் சாமே (2,670), அடுத்து நடந்து அப்பர் பிசாங் (3,300), அங்கிருந்து க்யாரு, ஙாவல் வழியாக மேல்பாதையில் மனாங் (3,540), மனாங்கில் ஒரு நாள் ஓய்வு, பிறகு யாக் கர்கா (4,050), தோரோங் பேடி (4,450), கணவாயைத் (5,416) தாண்டி முக்திநாத், கடைசியாக போக்ரா. 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால் இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது மலையேறுகிற எல்லாரும் பின்பற்றுகிற கணக்கு. 3,500 மீட்டரில் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும், கணவாயில் ஏறக்குறையப் பாதி. உடம்பு அதற்கு ஈடுகொடுக்க வேகமாக மூச்சு வாங்கும், அதனால் ரத்தத்தில் மாறும் அமில அளவைச் சிறுநீரகம் சரிசெய்ய இரண்டு மூன்று நாள் எடுக்கும். டயமாக்ஸ் மாத்திரை அந்த வேலையைச் சற்று விரைவுபடுத்தும், அவ்வளவுதான். நாளுக்கு மாற்று கிடையாது.

அந்தக் கடைக்காரருக்கு இதெல்லாம் அத்துப்படி. அதுதான் வயிறு எரிகிறது. சிவப்புப் பேனாவால் ஐந்தாவது நாளைச் சுற்றி வட்டம் போட்டு, “பஹினி (தங்கச்சி), இந்த ஓய்வு நாளை யார் குறைக்கச் சொன்னாலும் விடாதே, உயிர் போகிற விஷயம்” என்றார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் சென்னையிலிருந்து முக்திநாத் போன யாத்திரைக் குழுக்களின் போட்டோக்கள். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் என்பதுவரை சொல்கிறார். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் வடக்கே ஏறி, 14ஆம் தேதி தோரோங் லாவில் பனியாகக் கொட்டி, அந்தப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததைச் சொன்னார். அதனால் உரிமம் உள்ள கைடு இல்லாமல் ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன் என்றார். 2023 ஏப்ரல் முதல் தனியாக வரும் வெளிநாட்டவர் கைடு வைத்தாக வேண்டும் என்று விதியும் இருக்கிறது. சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. உண்மையைச் சொல்லியே 42,500 ரூபாயை வாங்கினார்.

சுவரில் க்யூஆர் ஒட்டியிருந்தது, நெட்வொர்க் இல்லை என்று ரொக்கம் கேட்டார். கொடுத்த சீட்டின் தலையில் சின்ன எழுத்தில் ‘எஸ்டிமேட்’ என்று இருந்தது. நேபாளத்தில் முறையான பில் என்றால் கடையின் பான் எண்ணும் வரிசை எண்ணும் அச்சாகி இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத தாளை வைத்துக்கொண்டு பணம் கட்டியதாக எங்கேயும் நிரூபிக்க முடியாது.

கைடு என்று வந்த பையனிடம் உரிம அட்டை இல்லை. பெசிசஹரில் கேட்டபோது ஆபீசில் இருக்கிறது என்றான். அவன் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாள் அதே லெட்டர்ஹெட், அதே கையெழுத்து, ஆனால் 6 நாள். இரண்டாம் நாளே பெசிசஹரிலிருந்து ஜீப்பில் நேராக மனாங். மறுநாள் யாக் கர்கா. சாமேயும் இல்லை, பிசாங்கும் இல்லை, சிவப்பு வட்டம் போட்ட ஓய்வு நாளும் இல்லை. ஒரே பகலில் 2,780 மீட்டர் ஏற்றம். சாலை மனாங் வரை போய்விட்டதால் இது இப்போது முடிகிறது. ஜீப் போகும், ஆனால் நுரையீரல் அந்த வேகத்துக்கு வராது.

அந்தப் பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவனுக்குக் கொடுத்தது போர்ட்டர் கூலி, நாளைக்கு 2,000. ஆறு நாளுக்கு 12,000. என்னிடம் வாங்கியது கைடு கூலி, 31,500. நடுவில் 19,500 கடையிலேயே நின்றுவிட்டது. மூன்று நாள் தங்கலும் சாப்பாடும் அதற்குமேல் லாபம். ஆறாம் நாள் தாண்டினால் லாட்ஜ்காரனுக்குக் கொடுக்க அவனிடம் காசு கிடையாது. அதனால்தான் தலைவலி என்றாலும் நடக்கவே சொல்வான்.

மனாங்கில் தலைவலியும் குமட்டலும் வரத்தான் செய்யும், அந்த ஏற்றத்துக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அடுத்த கட்டம் அங்கே தொடங்குகிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் 79 சதவீதம் என்று காட்டியது. உடனே போன், மறுமுனையில் ஆபீஸ் ‘சார்’. “ஹெலிகாப்டர் வரச் சொல்லவா, இன்சூரன்ஸ் கட்டிவிடும், உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது.” நகப்பூச்சு இருக்கும் விரலில், அதுவும் ஐஸ் போல் குளிர்ந்த விரலில், அந்தக் கருவி குறைத்துத்தான் காட்டும். அடுப்பருகே உட்கார்ந்து கையைச் சூடாக்கி, பூச்சு இல்லாத விரலில் மாட்டியதும் 88. மனாங் உயரத்தில் புதிதாக வந்த ஒருவருக்கு 85 முதல் 90 வரை சாதாரணம். ஊரில் 97 பார்த்துப் பழகியவர்கள் 88ஐப் பார்த்தாலே பயந்துவிடுவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த ஹெலிகாப்டர் வியாபாரம் புதிதில்லை. 2018இல் நேபாள அரசே விசாரணை நடத்தி, ஏஜென்சி, ஹெலிகாப்டர் கம்பெனி, மருத்துவமனை மூன்றும் பங்குபோட்டுக்கொள்வதை வெளியே கொண்டுவந்தது. ஒரே ஹெலிகாப்டரில் நான்கு பேரை ஏற்றிவிட்டு, நான்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தனித்தனியாக முழு வாடகை பில் போட்டார்கள். நிஜமாகவே ஹெலிகாப்டர் தேவைப்படும் நிலை எது என்றால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரை, ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது. அப்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கக் கூடாது, இரவானாலும் கீழே இறங்க வேண்டும். வெறும் தலைவலிக்கு ஏறாமல் அங்கேயே தங்கினாலே போதும், குறையாவிட்டால் இறங்க வேண்டும்.

மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் சிறு மருத்துவமனை சீசனில் திறந்திருக்கும். மருத்துவர்கள் இருப்பார்கள், பிற்பகலில் உயர நோய் பற்றி இலவசமாகப் பேசுவார்கள். ஏஜென்சி ஆட்கள் அந்தப் பக்கம் கூட்டிப்போகவே மாட்டார்கள், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே சொன்னது: மேலே போகாதே, நாளை சரியாகாவிட்டால் இறங்கு. அதைக் கேட்ட பையன் போனில் பேசிவிட்டு வந்து, கூடுதல் நாளுக்கு 4,000 கொடுத்தால் இருக்கிறேன் என்றான். 9 நாளுக்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றதற்கு, என் தாளில் 6 என்றான். மறுநாள் காலை ஆளைக் காணோம். போனவன் இரண்டு நாள் லாட்ஜ் பில்லையும் கட்டாமல் போயிருந்தான், அது திரும்பவும் என் தலையில். ஷேர் ஜீப்பில் சாமேக்கு இறங்கியதும் அன்றிரவே தலைவலி போய்விட்டது. 42,500 ரூபாயும் அதோடு போய்விட்டது.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். போனில் முதலில், “கைடிடம் பேசுங்கள்.” கைடு நம்பர் அணைந்து கிடந்தது. அப்புறம், “நீங்களாக நடுவில் நிறுத்தினால் பணம் திரும்பாது, விதிமுறையில் இருக்கிறது.” எந்த விதிமுறை? எஸ்டிமேட் சீட்டின் பின்பக்கமாம். பின்பக்கம் வெள்ளைத் தாள். நேரில் போனால் சிவப்புப் பேனாக்காரர் இல்லை, முதலாளி தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருக்கிறார், திகார் (அவர்கள் தீபாவளி) முடிந்துதான் வருவார் என்கிறார்கள். டீ மட்டும் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் ஓய்வு நாளுக்கு வட்டம் போட்ட தாளின் படத்தையும் 6 நாள் தாளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியதற்கு வந்த பதில்: அடுத்த சீசன் வாருங்கள், 20 சதவீதம் தள்ளுபடி தருகிறோம். 42,500 ரூபாயைத் தின்றுவிட்டுத் தள்ளுபடி! அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்தான்.

இந்தக் கடையை நட்சத்திரம் போட்டுக் காட்டிய பயண ஆப்பிலும் புகார் செய்தாகிவிட்டது. பணம் எங்கள் வழியாகக் கட்டப்படவில்லை, எனவே நாங்கள் பொறுப்பல்ல என்று அதே வாசகத்தை மூன்று வெவ்வேறு பெயரில் அனுப்பினார்கள். நான் எழுதிய விமர்சனம் ‘பரிசீலனையில்’ இருக்கிறது. பிருகுடிமண்டபத்தில் டூரிஸ்ட் போலீஸ் ஆபீஸ் இருக்கிறது, அங்கே எழுதி வாங்கிக்கொண்டார்கள், நல்லபடியாகவே பேசினார்கள். ஆனால் முதல் கேள்வி, பில் எங்கே?

எல்லாவற்றையும் விவரமாக எழுத நினைத்தேன், கோபத்தில் பாதி மறந்துபோகிறது. அவசரத்துக்கு இவை மட்டும்:

கைடை நேரில் பார்க்காமல், அவர் உரிம அட்டையைப் போட்டோ எடுக்காமல் பணம் கொடுக்காதீர்கள். அட்டவணைத் தாளில் கைடும் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், ஒரே தாள்தான் இருக்க வேண்டும். பாதிப் பணம் முன்னால், மீதி முடித்து வந்தபிறகு. ஒத்துக்கொள்ளாத கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள், தமேலில் கடைக்கா பஞ்சம்.

சார்க் கட்டணம் கேளுங்கள், பெர்மிட்டை உங்கள் பையில் வையுங்கள். பான் எண் உள்ள பில் இல்லை என்றால் ரொக்கம் இல்லை.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது எத்தனை மீட்டர் வரை என்று பாருங்கள். பல பாலிசிகள் கணவாய் உயரத்துக்கு முன்பே நின்றுவிடும். ஹெலிகாப்டரில் ஏறும் முன் இன்சூரன்ஸ் கம்பெனியின் அவசர எண்ணுக்கு நீங்களே பேசுங்கள், கைடு போனில் அல்ல.

மனாங்குக்கு நேர் ஜீப் என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வாடகைத் தூக்கப் பைக்கு முன்பணம் கட்டினால் கிழிசல், கறை எல்லாவற்றையும் கடையிலேயே வீடியோ எடுங்கள். அதிலும் 2,000 பிடித்துக்கொண்டார்கள், அது இந்த 42,500இல் சேராது.