தீக்காய நோயாளிக்கான மெஸ் சாப்பாடு: எதை வாங்கலாம், எதைச் சேர்க்க வேண்டும்

கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைப் பக்கம் இருக்கும் ஒரு மெஸ்ஸின் மூன்று வேளை ‘பேஷன்ட் பேக்’ இது. சாதம் நன்றாகக் குழைந்திருக்கிறது, காரம் குறைவு. முகத்திலோ உதட்டிலோ காயம் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

குறை புரதத்தில்தான். பெரிய தீக்காயம் ஆறும்போது உடல் தன் தசையையே கரைக்கும். அதனால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ எடைக்கு 90 முதல் 120 கிராம். இந்த பேக்கில் மதியம் ஒரு கரண்டி பருப்பு, கொஞ்சம் தயிர். இரவு வெறும் ரவைக் கஞ்சி. வயிறு நிறையும், புண் ஆறாது.

முட்டை கேட்டால், “சீழ் வைக்கும்” என்று மறுக்கிறார்கள். அது தவறான நம்பிக்கை. சீழ் வருவது கிருமியால், முட்டையால் அல்ல. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது.

வாங்குவதானால் மதியப் பேக் மட்டும் போதும். கூடவே வேளைக்கு 200 மி.லி. பாலில் 20 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்து இரண்டு வேளை கொடுங்கள். வேளைக்கு 13 கிராம் புரதம் கிடைக்கும். முட்டை, மீன், நெல்லிக்காய் வீட்டிலிருந்து வரட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவையும், இளநீர் கொடுக்கலாமா என்பதையும் டாக்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.