ஒரு நாள், ஒரு தீவு: ராமேஸ்வரமா, போர்ட் பிளேரா?

சென்னையிலிருந்து சாயங்காலம் ரயில் ஏறினால் விடியும் நேரத்துக்கு ராமேஸ்வரம். விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சத்தில் போர்ட் பிளேர்; 2024இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இரண்டும் தீவு, இரண்டிலும் வெயில் மண்டையைப் பிளக்கும். கையில் ஒரே நாள்தான் என்றால், உச்சிவெயிலில் எங்கே இருக்கப்போகிறோம் என்பதை முதலில் யோசியுங்கள்.

அந்தக் கணக்கில் ராமேஸ்வரம்தான் என் தேர்வு. இறங்கியதும் ஆட்டோ பிடித்து நேராகத் தனுஷ்கோடிக்குப் போய்விடுங்கள். 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்கள், இரண்டு பக்கமும் கடல், அவ்வளவுதான். ஒதுங்க நிழலே கிடையாது. முன்பெல்லாம் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017இலிருந்து அரிச்சல்முனை வரை நல்ல ரோடு இருக்கிறது. ஒன்பது மணிக்குள் கிளம்பிவிட வேண்டும், அதற்கப்புறம் மணல் காலைச் சுடும்.

அப்புறம் கோயில். 22 தீர்த்தங்களிலும் கிணற்றிலிருந்து இறைத்து, வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். சாமி கும்பிடாதவருக்கும் அந்தக் குளிர்ச்சி பிடிக்கும். ஈரத்துணியோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள், மாற்று உடை கட்டாயம். வெளியே கல் தரை கொதிக்கும் நேரத்தில், 1212 தூண்கள் நிற்கும் மூன்றாம் பிராகாரத்தில் நிதானமாக நடக்கலாம். மதியம் நடை சாத்தியதும் சாப்பாடு, தூக்கம். வெயில் தாழ்ந்ததும் பேக்கரும்பில் கலாம் நினைவிடம், பாம்பன் பாலம். 2025இல் திறந்த புது ரயில் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும்.

போர்ட் பிளேரில் பொழுதே வேறு மாதிரி. நம் கடிகாரம்தான் அங்கேயும், ஆனால் ஊர் சென்னைக்குக் கிழக்கே 12 பாகைக்கு மேல் தள்ளி இருக்கிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப்போட முடியாது. காலை விமானத்தில் வந்து இறங்கினால், செல்லுலார் சிறைக்குள் நுழையும்போதே வெயில் ஏறியிருக்கும்.

அந்தச் சிறையை அவசரமாகப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. 1906இல் கட்டி முடித்தபோது ஏழு பிரிவுகள். இன்று மிச்சம் மூன்று. ஒரு பிரிவின் அறைகள் அடுத்த பிரிவின் முதுகைப் பார்த்தே இருக்கும், கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்று. செக்கிழுக்க வைத்த கொடுமையைப் படித்துவிட்டு உடனே படகுக்கு ஓட மனம் வராது. எதிரே ராஸ் தீவில் ஆங்கிலேயர் கட்டடங்களை மர வேர்கள் கவ்வியிருக்கின்றன, நிழலும் தாராளம். ஆனால் அதற்கு இன்னொரு அரை நாள் வேண்டும். இரண்டு இரவு தங்க முடிந்தால் மட்டும் அந்தமானுக்கு டிக்கெட் போடுங்கள்.